லிஃப்ட் பண்ண ஜீப்புக்கு ஆக்சில் மாத்தணுமா? மாத்தணும்னா எதை?

தம்பி, நீங்க கேட்டதை ஒரு தடவை திருப்பி சொல்லிடறேன், தப்பா புரிஞ்சுக்கிட்டு எழுதிடக் கூடாதுல்ல. 2013 ஜீப் ரேங்க்ளர், ஜேகேன்ற தலைமுறை, நாலு கதவு ஸ்போர்ட் மாடல், ஆட்டோமேட்டிக், 3.5 இன்ச் லிஃப்ட் போட்டாச்சு, இப்ப 35 இன்ச் டயர் ஓடுது, அடுத்த வருஷம் 37 போட்டு முன்னாடி பின்னாடி ரெண்டுலயும் லாக்கர், அதாவது ரெண்டு பக்க சக்கரத்தையும் ஒண்ணா சுத்த வைக்கற பூட்டு, வைக்கணும், கலிஃபோர்னியால ஹாலிஸ்டர் ஹில்ஸ் பழகிடுச்சு இனி ரூபிகான் ட்ரெயில்ன்ற பாறைப் பாதைல போகணும். கடைக்காரர் ரெண்டு ஆக்சிலையும் தூக்கிப் போட்டுட்டு டானா கம்பெனியோட பெரிய 60 ஆக்சில் வைங்கன்றார், ஃப்ரெண்டு ஆக்சிலுக்குள்ள சுத்தற ஷாஃப்டை மட்டும் குரோமோலின்ற பலமான ஸ்டீல்ல போட்டா போதும்ன்றார், யார் பேச்சை கேக்கறதுன்னு கேக்கறீங்க. ரெண்டு பேரும் பாதி பாதி சரி, ஆனா ரெண்டு பேருமே உங்க வண்டியில எது முதல்ல போகும்னு பாக்கல.

முதல்ல ஒண்ணு, லிஃப்ட் போட்டதால ஆக்சில் உடையாது. நிறைய பேர் இதுல குழம்பறாங்க. லிஃப்ட் கெடுக்கறது வேற ஐட்டங்களை, காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பற அச்சு பின்னாடி சாயற கோணம், குறைஞ்சு ஹைவேல ஸ்டியரிங் அலையும், ஜேகேல முன் டிரைவ்ஷாஃப்ட்ல இருக்கற ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் பூரா வெளிய அடிக்கும், 2012ல இருந்து வந்த 3.6 இன்ஜின் வண்டில அதே ஷாஃப்ட் எக்ஸாஸ்ட் பைப்புல உரசும். இதெல்லாம் கண்ட்ரோல் ஆர்மும் வேற டிரைவ்ஷாஃப்டும் போட்டா தீர்ற பிரச்சனை. ஆக்சிலை உடைக்கறது லிஃப்ட் இடம் விட்டதால நீங்க உள்ள நுழைக்கற பெரிய டயர், அதோட லாக்கர், அதுக்கும் மேல உங்க வலது கால்.

ஏன்னு கணக்கு போட்டுப் பாத்துடலாம். உங்க இன்ஜின் டார்க் 353 நியூட்டன் மீட்டர், ஆட்டோ கியர்பாக்ஸ் முதல் கியர் 3.59, ஸ்போர்ட்டோட டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியை பிரிச்சுக் குடுக்கற பெட்டி, அதோட லோ 2.72, ஆக்சில் 3.73ன்னு வெச்சுக்கலாம், எல்லாத்தையும் பெருக்கினா 12,800 நியூட்டன் மீட்டர் கிட்ட வருது. ட்ரெயில் பேர்லயே வர்ற ரேங்க்ளர் ரூபிகான் மாடல்ல லோ 4.0, ஆக்சில் 4.10, அதுல 20,000த்தை தாண்டிடும். இவ்வளவும் ஷாஃப்டுக்கு போகுமான்னா சாதாரணமா போகாது, அதுக்கு முன்னாடியே டயர் வழுக்கிடும். அப்ப ஷாஃப்ட் எவ்வளவு வாங்கும்னு முடிவு பண்றது டயரோட பிடிப்பும், அந்த டயரோட ஆரமும், அது மேல இருக்கற எடையும்தான். உங்க ஸ்போர்ட் கம்பெனில இருந்து வந்தப்ப 225/75 ஆர் 16, அதாவது 29 இன்ச்சுக்கு கொஞ்சம் மேல. 37 போட்டா நெம்புகோல் நீளம் கால்வாசி கூடிடுது, டயரும் ஒவ்வொண்ணும் 35 கிலோ கிட்ட வரும், அது காத்துல சுத்திட்டு இருந்து திடீர்னு பாறைல பிடிச்சா அந்த அடி பூரா ஷாஃப்ட் மேலதான் விழும். லாக்கர் இல்லாத ஓபன் டிஃபரன்ஷியல்ல ஒரு சக்கரம் தூக்கினா அது சும்மா சுத்தும், இன்னொண்ணுக்கும் அதே அளவு டார்க்தான் போகும், ஷாஃப்ட் தப்பிச்சுக்கும். லாக்கர் போட்டுட்டா ஒரு சக்கரம் காத்துல நிக்கும்போது முழு டார்க்கும் இன்னொரு ஒத்தை ஷாஃப்ட்ல இறங்கும். அதனால என்கிட்ட யார் ஆக்சில் கேட்டாலும் நான் லிஃப்ட் எத்தனை இன்ச்னு கேக்கவே மாட்டேன், டயர் என்ன, லாக்கர் இருக்கா, எங்க ஓட்டறீங்க, இந்த மூணுதான். யூட்டால மோவாப் போனா அந்த மணல்பாறை உப்புத்தாள் மாதிரி பிடிக்கும், டயர் வழுக்கவே வழுக்காது, அங்க உடையற ஷாஃப்ட் ஈர மண்ணுல பத்து வருஷம் ஓடும்.

இப்ப உங்க முன் டானா 30. சின்ன ஆக்சில்தான், உள்ள சுத்தற பெரிய பல் சக்கரம், அதான் கிரவுன் வீல், 7.2 இன்ச் கிட்ட, ஷாஃப்ட் 27 ஸ்ப்ளைன், அதாவது முனையில 27 பல். ஆனா கிரவுன் பினியன், அதாவது கிரவுன் வீலும் அதை சுத்த வைக்கற சின்ன பினியனும், முதல்ல போகாது. முதல்ல போறது பால் ஜாயின்ட், அப்புறம் ஆக்சில் டியூபோட ரெண்டு முனையிலயும் சக்கரத்தோட சேந்து திரும்பற நக்கிளை பிடிச்சிட்டு இருக்கற அந்த சி மாதிரி வளைஞ்ச துண்டு, அப்புறம் டியூபே. ஜேகே டியூப் 2.5 இன்ச் விட்டம், கால் இன்ச் கனம், 35 டயரோட ஒரு குழில வேகமா விழுந்தா மெதுவா மெதுவா சிரிக்க ஆரம்பிச்சிடும், அதாவது நடு கீழ இறங்கி ரெண்டு முனையும் மேல வளைஞ்சு சக்கரத்தோட மேல் பக்கம் உள்ள சாயும். டயர் உள் ஓரம் மட்டும் தேயுதான்னு இன்னைக்கே போய் தடவிப் பாருங்க, தேஞ்சிருந்தா ஏற்கனவே வளைஞ்சாச்சு, வளைஞ்ச ஹவுசிங்ல குரோமோலி போட்டு பிரயோஜனம் இல்ல.

இங்கதான் பாதி பேர் ஏமாறாங்க. "ரூபிகான்ல இருந்து கழட்டின டானா 44 முன் ஆக்சில் சல்லிசா கிடைக்குது, மாட்டிக்கலாமா"ன்னு கேப்பாங்க. அதுல கிரவுன் வீல் பெருசு, 8.5 இன்ச், ஷாஃப்ட் 30 ஸ்ப்ளைன், எலக்ட்ரிக் லாக்கர் கூடவே வரும், அந்த வகைல நல்ல சாமான்தான். ஆனா டியூபும் சி துண்டும் உங்க டானா 30ல இருக்கறதேதான். 44ன்னு பேர் பாத்து வாங்கி மாட்டிட்டு ஆறு மாசத்துல அதையும் வளைச்சு வெச்சவங்க எனக்குத் தெரிஞ்சே ரெண்டு பேர் இருக்காங்க. வாங்கினா முதல் வேலை டியூபுக்குள்ள ஸ்லீவ்னு இன்னொரு குழாயை அடிச்சு வெல்டிங், சி துண்டுக்கு மேலயும் கீழயும் முட்டுக் குடுக்கற கசெட் தகடு, முடிஞ்சா ஹவுசிங் மேல ட்ரஸ்னு ஒரு பாலம். வெல்டிங் பண்றவர் அனுபவஸ்தரா இருக்கணும், ஒரே மூச்சுல இழுத்து அடிச்சா சூட்டுலயே ஹவுசிங் வளையும், கொஞ்சம் இங்க கொஞ்சம் அங்கன்னு ஆறவிட்டு ஆறவிட்டு பண்ணணும், சி துண்டை பத்த வைக்கறதுக்கு முன்னாடி சூடு காட்டணும்.

ஷாஃப்ட் விஷயத்துக்கு வரேன். முறுக்கைத் தாங்கற பலம் விட்டத்தோட மூணாவது அடுக்குல ஏறும், இது ஒண்ணை மனசுல வெச்சுக்கிட்டா ஸ்ப்ளைன் நம்பர் எல்லாம் தானா புரியும். 27 ஸ்ப்ளைன்னா 1.16 இன்ச், 30 ஸ்ப்ளைன் 1.31, 35 ஸ்ப்ளைன் 1.5. பாக்கறதுக்கு நூல் வித்தியாசம்தான், ஆனா 27ல இருந்து 30 போனா 44 சதம் கூடுது, 30ல இருந்து 35 போனா அதுக்கு மேல இன்னொரு 50 சதம். அதே இரும்புல. இரும்பையும் மாத்தினா, அதாவது சாதா கார்பன் ஸ்டீலுக்கு பதிலா 4340 குரோமோலி போட்டா, இன்னும் கூடும். குரோமோலில எனக்கு பிடிச்சது பலத்தை விட அது போற விதம், பட்டுனு முறியாம முறுக்கிட்டு நிக்கும். கழட்டிப் பாத்தா ஸ்ப்ளைன் பூரா நம்ம வீட்டு கைமுறுக்கு மாதிரி சுத்தியிருக்கும், அப்ப மாத்திடலாம், நடுக்காட்டுல நிக்க வேண்டியதில்ல.

ஆனா முன் ஷாஃப்ட்ல கம்பி முறியறது கம்மி, போறது நடுவுல இருக்கற யூ ஜாயின்ட் கிராஸ், ஊர்ல சொல்ற யுஜே கிராஸ்தான். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு வெச்சுட்டு ஆக்சிலரேட்டர் குடுத்தா அந்த கோணத்துல கிராஸ் மேல வர்ற அழுத்தம் ஒரே சீரா இருக்காது, ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு தடவை ஏறி இறங்கும், கிராஸை பிடிச்சிட்டு இருக்கற யோக்கோட காது விரியும், அதுக்குள்ள இருக்கற பேரிங் கப் வெளிய துப்பும், அவ்வளவுதான். நான் முதல் தடவை ரூபிகான் போனப்ப கேடிலாக் ஹில்ல இப்படித்தான், இடது பக்கம் முழுசா ஒடிச்சு, பின்னாடி வர்றவர் பாத்துட்டு இருக்காரேன்னு வெக்கத்துல ஒரு அழுத்து அழுத்தினேன், துப்பாக்கி சத்தம் மாதிரி ஒண்ணு, காது பிஞ்சு போய் பால் ஜாயின்டையும் இடிச்சு வெச்சிருந்துச்சு. தப்பு பூரா என் கால்தான், சக்கரத்தை கொஞ்சம் நேர் பண்ணியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. குரோமோலி ஷாஃப்ட் வாங்கினா கப்பை முழு வட்ட கிளிப் பிடிக்கற மாதிரி வர்றதை வாங்குங்க. காசு இருந்தா கிராஸே இல்லாம சிவி ஜாயின்ட் வெச்சு ஆர்சிவின்னு ஒரு கம்பெனி பண்றாங்க, முழு ஒடிப்புலயும் சீரா சுத்தும், ஆனா அது பாட்டுக்கு உடையாம இருந்தா அடுத்த பலவீனமான இடத்துக்கு அடி போகும், உங்க கேஸ்ல அது டானா 30ஓட கிரவுன் பினியன்.

இதைத்தான் நான் உங்ககிட்ட முக்கியமா சொல்ல வந்தேன். எதையும் உடையாம பண்ண முடியாது, எது உடையணும்னு நீங்க முடிவு பண்ணலாம். வீட்டு மெயின் ஸ்விட்ச்ல ஃபியூஸ் வெக்கற மாதிரிதான். ஷாஃப்ட் போச்சுன்னா ட்ரெயில்ல ஒரு மணி நேர வேலை, கிரவுன் பினியன் பல் போச்சுன்னா அந்த பல் துண்டு உள்ள சுத்தி பேரிங், கேஸ் எல்லாத்தையும் மென்னு துப்பிடும், அன்னைக்கு வண்டி சொந்தக் கால்ல வீடு வராது. சின்ன கிரவுன் வீல்ல ரொம்ப ஸ்ட்ராங்கான ஷாஃப்ட் போடறது அஞ்சு ஆம்பியர் வயருக்கு முப்பது ஆம்பியர் ஃபியூஸ் போடற மாதிரி. உங்க ஃப்ரெண்டு சொல்றது 35 டயர் வரைக்கும் சரி, 37ம் லாக்கரும் வந்துட்டா அங்கதான் தப்பாகுது.

கியர் ரேஷியோவும் இதுலயே சேந்துடும். 3.73ஐ 37ஆல பெருக்கி 29.3ஆல வகுத்தா 4.71 வருது, அந்த நம்பர்ல கியர் கிடைக்காது, 4.88 இல்ல 5.13 போடணும், நாலு கதவு வண்டி, பம்பர் விஞ்ச் எல்லாம் ஏத்தியிருந்தா 5.13தான். அதுல ஒரு சிக்கல், ரேஷியோ ஏற ஏற பினியன்ல பல் எண்ணிக்கை குறையும், 4.10ன்னா 41க்கு 10, 4.56ன்னா 41க்கு 9, 5.13ன்னா 41க்கு 8. சின்ன கிரவுன் வீல்ல 5.13 போட்டா பினியன் தலை கட்டை விரல் மாதிரி ஆயிடும். கியருக்கும் லாக்கருக்கும் குரோமோலிக்கும் ஸ்லீவுக்கும் கசெட்டுக்கும் கூலிக்கும்னு டானா 30 மேல கொட்டற காசை எல்லாம் ஒரு பேப்பர்ல கூட்டிப் பாருங்க, கனமான டியூபோட புதுசா வர்ற 44 ஹவுசிங் விலைல பாதிக்கு மேல வந்துடும். 37தான் போடப்போறீங்கன்னு உறுதின்னா டானா 30ல ஒரு டாலர் கூட போடாதீங்க. 35லயே நிக்கறதா இருந்தா கசெட், நல்ல பால் ஜாயின்ட், 4.56 கியர், நிம்மதியா ஓட்டுங்க.

அப்ப 37க்கு என்ன வாங்கறது. டைனட்ராக் ப்ரோராக் 44 மாதிரி ஜேகேக்குன்னே பண்ண ஹவுசிங், கனமான டியூப், நல்ல சி துண்டு, உங்க கண்ட்ரோல் ஆர்ம் பிராக்கெட் எல்லாம் அதே இடத்துல, போல்ட் போட்டு ஏத்திடலாம், உள்ள 30 ஸ்ப்ளைன் குரோமோலி. உங்களுக்கு என்னோட ஓட்டு இதுக்குத்தான். டானா 60 தப்பு இல்ல, கிரவுன் வீல் 9.75 இன்ச், 35 ஸ்ப்ளைன், 40 டயருக்கு அது இல்லாம முடியாது, டானா கம்பெனியே அல்டிமேட் 60ன்னு ஜேகேக்கு ரெடியா விக்கறாங்க. ஆனா ஒரு ஜோடி வாங்கி மாட்டி முடிக்க அஞ்சு இலக்க டாலர் ஆகும், எடை கூடும், அந்த எடை பூரா ஸ்பிரிங்குக்கு கீழ, ரோட்டுல ஒவ்வொரு பள்ளத்துலயும் தெரியும். நடுவுல தொங்கற பெரிய உருண்டை, இங்க பூசணிக்கான்னு சொல்றாங்களே, அது கீழ இறங்கிடும், டயர் பெருசு பண்ணி சம்பாதிச்ச உயரத்துல கொஞ்சத்தை திருப்பிக் குடுத்த மாதிரி. பழைய ஜிஎம் லாரில வர்ற 14 போல்ட் இரும்புக் கோட்டை மாதிரி, 10.5 இன்ச் கிரவுன் வீல், சல்லிசா கிடைக்கும், ஆனா 37 டயர்ல அந்த பூசணிக்கா பாறைல கலப்பை மாதிரி உழும், கீழ வெட்டி தகடு வெக்காம போட்டா வீண். ஜான்சன் வேலில கிங் ஆஃப் ஹேமர்ஸ் பாத்துட்டு வந்து அந்த மாதிரி பண்ணணும்னு நினைக்கறவங்களுக்குத்தான் அதெல்லாம், திங்கக்கிழமை அதே வண்டில ஆபீஸ் போறவங்களுக்கு இல்ல.

பின் ஆக்சிலை இப்போதைக்கு தொடாதீங்க. ஜேகேல எல்லா மாடலுக்கும் பின்னாடி டானா 44தான், கிரவுன் வீல் 8.8 இன்ச், உங்களுதுல 30 ஸ்ப்ளைன், ரூபிகான்ல 32. அது உழைக்கற ஆக்சில். அதுல தெரிஞ்ச குறை ஷாஃப்ட் முனையில சக்கரம் மாட்டற ஃபிளேஞ்ச் வளையறது, ஏன்னா அது செமி ஃப்ளோட்டிங், முறுக்கையும் வாங்கி வண்டி எடையையும் அதே ஷாஃப்ட்தான் சுமக்குது. லாரில எல்லாம் ஃபுல் ஃப்ளோட்டிங், எடையை ஹப் சுமக்கும், ஷாஃப்ட் சுத்தற வேலை மட்டும் பாக்கும், முறிஞ்சா உருவிப் போட்டுட்டு முன் சக்கரத்துல வீடு வந்துடலாம். 2024 ரேங்க்ளர் ரூபிகான்ல கம்பெனியே பின்னாடி ஃபுல் ஃப்ளோட்டிங் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. நீங்க லாக்கரும் கியரும் மாத்தறப்பவே குரோமோலி ஷாஃப்ட் சேத்து போட்டுடுங்க, அதுக்குன்னு தனியா ஒரு தடவை பிரிச்சு கூலி குடுக்காதீங்க, லாக்கரோட ஸ்ப்ளைனும் ஷாஃப்ட் ஸ்ப்ளைனும் ஒண்ணான்னு ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பாருங்க. வீல் வெளிய தள்ளி நிக்கணும்னு ஸ்பேசர் எதுவும் போட்டிருந்தா அதையும் சொல்லுங்க, அதுவும் ஒரு நெம்புகோல்தான், பேரிங்கையும் ஃபிளேஞ்சையும் அது தின்னும்.

யூஸ்டு ஆக்சில் ஆசை வந்தா நல்லா யோசிங்க. ஃபோர்டு சூப்பர் டியூட்டில இருந்து முன் டானா 60 எடுத்து போடறவங்க இருக்காங்க, பலம் உண்டு, ஆனா அது அகலம் அதிகம், எட்டு போல்ட் வீல், உங்களுது அஞ்சு போல்ட், 127 எம்எம் வட்டம், அப்ப நாலு வீலும் ஸ்பேரும் புதுசு, பிராக்கெட் எல்லாம் வெட்டி புதுசா வெல்டிங், ஸ்டியரிங் வேலை, பிரேக் வேலை. அதை விட பெரிய தலைவலி உங்க ஜேகேல ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இருக்கு, நாலு சக்கரத்துலயும் ஸ்பீடு சென்சார் சரியா பேசலைன்னா டேஷ்போர்டு கிறிஸ்துமஸ் மரம் மாதிரி எரியும். சொந்தமா வெல்டிங் மெஷினும் ஷெட்டும் ஒரு வருஷ வார இறுதியும் இருந்தா சந்தோஷமான வேலை, கூலிக்கு குடுத்து பண்ணினா ரெடிமேட் விலையே வந்துடும்.

உங்க ஃப்ரெண்டு ஜேகேக்கு முந்தின தலைமுறை டிஜே ரேங்க்ளர் வெச்சிருக்கார்னு சொன்னீங்களே, அவருக்கு கதை தலைகீழ், அவருக்கு பின்னாடிதான் பிரச்சனை. டானா 35ன்னா கிரவுன் வீல் ஏழரை இன்ச்சுதான், டியூபும் ஒல்லி, ஷாஃப்டை உள்ள ஒரு சி கிளிப்தான் பிடிச்சிட்டு இருக்கு, ஷாஃப்ட் முறிஞ்சா சக்கரம் பிரேக்கோட சேந்து வெளிய நடந்து போயிடும், ஹைவேல நினைச்சுப் பாருங்க. அவருக்கு பழைய கை வைத்தியம் ஒண்ணு இருக்கு, 1995ல இருந்து 2001 வரைக்கும் வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரோட 8.8 ஆக்சில். 31 ஸ்ப்ளைன், 3.25 இன்ச் டியூப், டிஸ்க் பிரேக், போல்ட் அளவும் டிஜேக்கு அப்படியே பொருந்தும். அதுவும் சி கிளிப்தான், ஆனா ஷாஃப்ட் அவ்வளவு தடி. டியூப் நடு வார்ப்புல இருந்து திரும்பாம இருக்க சுத்தி வெல்டிங் அடிச்சுட்டு போடச் சொல்லுங்க. டானா 35க்கு "சூப்பர்"னு பேர் போட்டு 30 ஸ்ப்ளைன் கிட் விக்கறாங்க, 33 டயருக்கு ஓகே, அதுக்கு மேல கிரவுன் வீல் அதே ஏழரைதான்.

எந்த ஆக்சில் வாங்கினாலும் கியர் செட் பண்றவர் யாருன்றதுல பாதி இருக்கு. பினியன் ஆழம், பேரிங் இறுக்கம், பல் பிளே, இதுல பிளே ஒரு இன்ச்சை ஆயிரம் பங்காக்கினா ஆறுல இருந்து பத்து பங்குக்குள்ள நிக்கணும், மஞ்சள் பெயின்ட் தடவி பல் எங்க படுதுன்னு பாத்து ஷிம்னு சொல்ற மெல்லிசு தகடை மாத்தி மாத்தி போடற பொறுமை வேணும். ஒரு இடத்துல அவசரமா பண்ணிக் குடுத்தாங்க எனக்கு, 60 மைல் வேகத்துல ஊளை, கேட்டா "புது கியர்னா அப்படித்தான் சார், பழகிடும்"னாங்க, 4,000 மைல்ல பழகினது நான்தான், கியர் போயிடுச்சு. வேலை முடிஞ்சதும் பெயின்ட் பட்ட அச்சை போட்டோ எடுத்துக் குடுங்கன்னு கேளுங்க, குடுக்கத் தயங்கறவர்கிட்ட விடாதீங்க. புது கியர்ல முதல் ஓட்டம் இருபது நிமிஷம் மெதுவா ஓட்டி ஆக்சிலை தொட முடியற அளவு ஆறவிடணும், இப்படி ரெண்டு மூணு தடவை, முதல் 500 மைல் டிரெய்லர் இழுக்கக் கூடாது, 500ல ஆயில் மாத்துங்க. வடிச்ச ஆயில் மினுமினுன்னு இருந்தா பயப்படாதீங்க, துண்டு துண்டா வந்தாத்தான் போன் பண்ணணும். ஸ்பீடோமீட்டரையும் புது ரேஷியோக்கும் டயருக்கும் புரோகிராம் பண்ணிடுங்க, இல்லைன்னா கியர்பாக்ஸ் எப்ப மாத்தறதுன்னு தெரியாம தடுமாறும்.

ரூபிகான் போறப்ப கழட்டின பழைய முன் ஷாஃப்ட் ரெண்டையும் கிராஸோட வண்டில போட்டுக்கங்க, புது ஆக்சிலுக்கு அது பொருந்தாதுன்னா அதுக்கேத்த ஸ்பேர் ஒண்ணு, வலது பக்கத்து நீளமானது, 36 எம்எம் சாக்கெட், நீளமான பிரேக்கர் பார். ஸ்பேர் இல்லாம முறிஞ்சுடுச்சுன்னா உடைஞ்சதை உருவிட்டு அப்படியே ஓட்டிடாதீங்க, ஜேகே ஹப் யூனிட் பேரிங், வெளிப்பக்க குட்டி ஷாஃப்ட்டும் அந்த பெரிய நட்டும் இறுக்கிப் பிடிச்சாத்தான் பேரிங் ஒண்ணா நிக்கும், அதனால கிராஸை பிரிச்சு உள் பக்கத்தை எடுத்துட்டு வெளித்துண்டை மட்டும் திருப்பி மாட்டி நட்டை இறுக்கி, டியூப் வாயில ஒரு துணியை அடைச்சு ஆயில் வழியாம பாத்துட்டு கிளம்பணும். கேடிலாக் ஹில்ல எனக்கு இதை சொல்லிக் குடுத்தது, பாத்துட்டு இருக்காரேன்னு நான் வெக்கப்பட்டேனே, அந்த பின் வண்டிக்காரர்தான். துணிக்கு என் டீ ஷர்ட்டை கழட்டிக் குடுத்தேன்.